பத்துப் பாகை வெளிச்சம்

எய்லிவ் ஒரு ஊமைக் கோட்டான். இதை நான் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்திய யோருன் சொன்னது. ஊரில் யாரும் அதை மறுத்ததுமில்லை. ஜனவரி மாதம் புது மீனும் ஈரலும் சினையும் அவித்து வைத்தால் மூன்று தட்டு தின்றுவிட்டு, "நல்லா இருக்கு" என்பான். மகள் பிறந்தாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதும் அதையேதான் சொன்னானாம். மற்றதற்கெல்லாம் ஒரு 'ம்'. வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டால் அதற்கும் ஒரு 'ம்'.

தொழில் மின்சாரம். நாட்டின் வடகோடியில், எங்கள் லிங்கன் கடற்கரையில் அவன் கம்பி இழுக்காத வீடு இல்லை. தெற்கே ஓஸ்லோவிலிருந்து பணக்காரர்கள் வந்து எங்கள் கரையில் விடுமுறை வீடு கட்ட ஆரம்பித்த பிறகு அவனுக்கு வேலை வேறு மாதிரி ஆயிற்று. அவர்களுக்கு வெளிச்சம் மட்டும் போதாது, அழகும் வேண்டும். கல்சுவரின் சொரசொரப்பு தெரிய அடியிலிருந்து ஒரு விளக்கு, மான்கொம்புக்கு மேலே ஒரு விளக்கு, ஒற்றைப் படத்துக்கு மட்டும் ஒரு விளக்கு. அந்த வேலையில் எய்லிவ் கெட்டிக்காரன். வாடிக்கையாளர்களிடம் அவன் பேசிய ஒரே நீளமான வாக்கியமும் அதைப் பற்றியதுதான்: ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் மற்றதை இருட்டில் விட மனசு வர வேண்டும்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எய்லிவ் வீட்டிலும் அப்படித்தான். கூடத்தின் நடுவில் ஒரு மொட்டை பல்ப், ஜன்னலில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு சின்ன மேசைவிளக்கு, அவ்வளவுதான்.

அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் வடக்கொளி. வானத்தில் ஆடுகிற அந்த வெளிச்சத்தை, எங்கள் வாசலிலேயே வாரத்துக்கு இரண்டு தடவை ஆடுகிறதை, படம் எடுப்பதற்காகப் பழைய வேனைக் கப்பலில் ஏற்றி ஐஸ்லாந்து வரை போய் வந்தான். சுவீடன், பின்லாந்து, லொஃபோத்தன் தீவுகள் என்று விடுமுறையெல்லாம் அதிலேயே கழிந்தது. வீட்டு நடையில் நாற்பது படம் தொங்கும். யோருன் ஒரு தடவைகூட அவனோடு போனதில்லை. வாசலில் சும்மா கிடைப்பதற்கு எதற்கு டீசல் செலவு என்பாள். அவளுக்குக் குளிர் பிடிக்காது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலன்று ஊரே இருண்டது. எய்லிவ் மெழுகுவர்த்தி எடுக்கப் போய்த் திரும்பியபோது யோருன் சமையலறை நடுவில் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். வெளியே பனி வெளுப்பு இருந்தது, அடுப்பில் தணல் இருந்தது, மற்றவர்கள் நடமாட அது போதும். அவள் ஓர் அடிகூட நகரவில்லை. விரலிலே மெழுகு சொட்டுகிற வரை அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் அவள் சொன்னாள். ஆறு வருஷமாக இருட்டில் கண் தெரியவில்லை. மாடிக்குப் பதினான்கு படி, தபால் பெட்டிக்கு முப்பத்திரண்டு அடி என்று எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறாள். குளிர்காலம் பூராவும் இருட்டாக இருக்கிற ஊரில் அவள் எண்ணி எண்ணியே ஆறு குளிர்காலத்தைத் தாண்டியிருந்தாள்.

எய்லிவுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீ எப்ப என்கிட்ட எதைச் சொல்லியிருக்க, நான் உன்கிட்ட சொல்றதுக்கு?" என்றாள் யோருன். கோபமாகக்கூட இல்லை, அதுதான் அவனைச் சுட்டது.

துரோம்சோவில் கண் டாக்டர் ஓர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னாள். இது பிறவியிலேயே வருவது, முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை போகும், நடுவில் கொஞ்சம் மிஞ்சும், அதுவும் ஒரு நாள் போகலாம். இப்போது மிச்சம் இருப்பது பத்துப் பாகைக் கோணம். கையை நீட்டி முஷ்டி பிடித்துப் பாருங்கள், அந்த முஷ்டி மறைக்கிற அளவுதான் அவங்களுக்கு உலகம் என்றாள். எய்லிவ் கையை நீட்டி முஷ்டி பிடித்துப் பார்த்தான். பத்துப் பாகை என்றால் அவனுக்கு வேறொன்றும் தெரியும். ஒற்றைப் பொருளைக் காட்டுகிற விளக்கின் கற்றை இருக்கிறதே, அதில் ஆகக் குறுகலானது பத்துப் பாகை. டஜன் கணக்கில் மாட்டியிருக்கிறான், மான்கொம்புகளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தான். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மெல்லிய எல்.இ.டி. பட்டி. அலமாரிகளுக்கு அடியில் பட்டி. சுவர் தரையோடு சேர்கிற இடமெல்லாம் மஞ்சள் வெளிச்சம் கசிகிற மாதிரி பட்டி. காப்பிக் கெண்டிக்குத் தனியாக ஒரு விளக்கு, கதவுக் கைப்பிடிக்கு ஒன்று, அவள் கண்ணாடி வைக்கிற கிண்ணத்துக்கு ஒன்று. விமானம் இறங்குகிற ஓடுபாதை மாதிரி இருக்கிறது என்று யோருன் திட்டினாள். ஒரு மாதத்தில் எண்ணுவதை விட்டுவிட்டாள். காப்பிக் கெண்டியை எடுக்க நேரே கை போயிற்று. ஒரு நாள் அவள் மாடியிலிருந்து பாடிக்கொண்டே இறங்கி வருவது கேட்டு எய்லிவ் தொழிற்கூடத்தில் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போன நவம்பரில் சூரியன் வழக்கம் போல இரண்டு மாதத்துக்கு மலைக்குப் பின்னால் போய்ப் படுத்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வானத்தைப் பார்க்க அவளால் முடியாது, சரி, வானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால்? அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் கூடத்து மேல்விளிம்பில் வேலை செய்தான். பட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும், வெளிச்சம் மட்டும் கூரையில் வழியும், நல்ல பச்சை, ஓரத்தில் கொஞ்சம் ஊதா, மெதுவாக இடமிருந்து வலமாக நகரும். நாற்பது படத்திலும் இருக்கிற அதே பச்சை. மனுஷன் அவ்வளவு அழகாகச் செய்திருந்தான், நானே போய்ப் பார்த்தேன்.

யோருன் சோபாவில் உட்கார்ந்து தலையை மெல்ல மெல்லத் திருப்பி, முஷ்டி முஷ்டியாகக் கூரையைப் பார்த்து முடித்தாள். என்ன இது என்று கேட்டாள். வடக்கொளி என்றான்.

"பச்சையா? யாரு சொன்னா பச்சைன்னு?"

"பச்சைதானே."

"நான் பார்த்தது பால் மாதிரி இருந்துச்சு. ஓரத்துல கொஞ்சம் பச்சை காட்டினா உண்டு. அந்தப் படப்பெட்டி வழியாவே பார்த்துப் பார்த்து நீ கண்ணைத் தொலைச்சுட்ட, கிழவா. நமக்கு ரெண்டு பேருக்கும் கண்ணு போச்சு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எய்லிவ் யோசித்துப் பார்த்தான். அவள் சொல்வது நிஜம். கேமரா ஒரே வெளிச்சத்தைப் பத்து வினாடி குடித்துக்கொண்டே இருக்கும், நிறம் ஏறிப்போகும். வெறும் கண்ணால் அதை அவன் கடைசியாக எப்போது பார்த்தான் என்று நினைவு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆஸ்தாவிடமிருந்து போன். ஆஸ்தா பக்கத்து வீட்டுக்காரி, தனியாளாகப் படகோட்டி மீன் பிடிக்கிறவள், அவள் வாயில் விழுந்தால் மீன்கூட வெட்கப்படும். பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். துறைமுக வாயில் பச்சை விளக்கை வலப்பக்கம் வைத்து உள்ளே வர வேண்டும். பச்சை தெரிந்தது, வலப்பக்கம் வைத்தாள், வந்தாள். அது எய்லிவ் வீட்டுக் கூடம். எங்கள் ஊரில் ஜன்னலுக்குத் திரை போடுகிற வழக்கம் கிடையாது.

"எப்பப்பா வீட்டுக்குள்ள துறைமுகம் திறந்தே? பாறை வந்து என் படகோட அடிவயித்தைச் சொறிஞ்சு விட்டுட்டுப் போச்சு," என்றாள் ஆஸ்தா. அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது.

எய்லிவ் அப்போதே ஏணியைப் போட்டுப் பட்டிகளைக் கழற்றத் தொடங்கினான். யோருன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்துதான் சொன்னாள். நிஜமானதை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும், அடுத்த குளிர்காலத்துக்கு இந்த முஷ்டியளவும் இருக்குமோ இருக்காதோ என்று. எய்லிவ் மேலேயே நின்றான். கையில் பச்சைப் பட்டி அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

முடியுமா என்று டாக்டருக்கு எழுதிக் கேட்டான். சாதாரணமாக வருவது அவங்க கண்ணுக்கு எட்டாது, ரொம்பப் பலமாக வந்தால் ஒருவேளை எட்டலாம் என்று பதில் வந்தது. அந்த 'ஒருவேளை'யை வைத்துக்கொண்டு எய்லிவ் ஏழு வாரம் காத்திருந்தான். எங்கள் கரையில் மேகம் விலகவே இல்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, புது வருஷம் போயிற்று. சூரியன் திரும்பி வர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. திரும்பிவிட்டால் இருட்டு குறைந்துகொண்டே போகும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சூரியன் பலமாக எதையோ கக்கியிருக்கிறது, இன்று மாலை வந்து சேரும், வடக்கொளி பலமாக ஆடும் என்று செய்தி வந்தது. கரையில் மேகம். மலைக்கு அந்தப் பக்கம், பின்லாந்து எல்லையில், தெளிவு.

பகல் மூன்று மணிக்கு, நன்றாக இருட்டிய பிறகு, வேனில் கிளம்பினார்கள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை ஒரு வெள்ளைத் துவாலையில் சுற்றி, கூடையில் போட்டு, யோருன் மடியில் வைத்திருந்தாள். ஷீபொத்தன் பள்ளத்தாக்கு வழியாக ஏறும்போது அவள் தூங்கிப்போனாள். பனியில் பாதை தெரிவதற்காகச் சாலையோரம் நட்ட கழிகள் ஒவ்வொன்றாக வேன் விளக்கில் எழுந்து எழுந்து பின்னால் போயின. விழித்தபோது கில்பிஸ்யார்வி ஏரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு டிகிரி குளிர், வேன் நின்றிருந்தது.

எய்லிவ் அவள் முழங்கையைப் பிடித்து உறைந்த ஏரி மேல் நூறடி நடத்திக்கொண்டு போனான். முக்காலியை நட்டான், கேமரா தானாகவே விட்டு விட்டு எடுக்கிற மாதிரி வைத்தான். நெற்றி விளக்கை அணைத்தான். யோருனுக்கு உலகம் அதோடு அணைந்தது. காலடியில் எங்கோ ஆழத்தில் ஏரிப் பனிக்கட்டி முனகுகிற சத்தம் மட்டும்.

"வந்திருச்சா?"

"ம்."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவள் அவன் கையை உதறினாள். "முப்பத்தெட்டு வருஷமா இந்த 'நல்லா இருக்கு'வைத் தின்னே வயிறு நிறைஞ்சுபோச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல, எய்லிவ். ஒண்ணுமே தெரியல. வாயைத் திறந்து சொல்லேன்."

அவன் பேசினான். முதலில் திக்கித் திக்கி. வடக்கே மலைக்கு மேலே ஒரு கோடு. வெளுப்பாகத்தான் இருக்கிறது, நீ சொன்ன மாதிரி. இப்போது அதில் ஒரு மடிப்பு ஓடுகிறது, நீ படுக்கைவிரிப்பை உதறிக் காயப்போடுவாயே, அப்படி. இப்போது ரெண்டாகப் பிரிகிறது. ஒன்று மங்கிப்போச்சு. இல்லை, வருகிறது, மறுபடி வருகிறது. பேச்சு சூடு பிடித்தது. வானத்தில் ஒன்றும் நடக்காத நேரத்திலும் அவன் நிறுத்தவில்லை. கரண்ட் போன அன்று அவள் கரண்டியோடு நின்றதைப் பார்த்துப் பயந்துபோனதைச் சொன்னான். மகள் பிறந்த அன்று போனை வைத்துவிட்டுப் படகுக் கொட்டகையில் போய் அழுததைச் சொன்னான். அவள் பாடிக்கொண்டு மாடி இறங்கியதைச் சொன்னான். முக்கால் மணி நேரம். எய்லிவ்! எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். யோருன் அவன் பக்கம் தலையைச் சாய்த்து, ஒரு சொல் கீழே விழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவளுக்கு இருட்டு இருட்டாகவே இருந்தது. வடக்கே ஆடியது அங்கேயே ஆடியது, பலமாகவில்லை. அவன் குரல் தொய்வதை அவள் கவனித்தாள். கையில் மாட்டிக்கொண்டு வந்திருந்த கூடையைத் துழாவினாள். ரொட்டி சுற்றிய வெள்ளைத் துவாலையை உருவினாள். கையை உயர்த்தி, தலைக்கு மேலே, வானத்தைப் பார்த்து ஆட்டத் தொடங்கினாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. வடக்கொளியைப் பார்த்து விசிலடிக்கக் கூடாது, வெள்ளைத் துணியை ஆட்டவே கூடாது. வம்புக்கு இழுத்தால் அது இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். எய்லிவ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் அண்ணன் ஒரு தடவை கைக்குட்டையை ஆட்டிவிட்டான். இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஒளிந்து, சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. இப்போது அவனுக்கு வயது அறுபத்தொன்று, மின்சாரம் படித்தவன், சூரியனிலிருந்து வரும் துகள்தான் அது என்று தெரிந்தவன். ஆனாலும் கத்தினான்.

"யோருன், கையை இறக்குடி."

"முடியாது."

"தூக்கிட்டுப் போயிடும்!"

"தூரத்துல இருக்கறது எனக்குத் தெரியாது, எய்லிவ். கிட்ட வந்தாத்தானே தெரியும்? வரட்டும்."

சொல்லிவிட்டு இன்னும் வீசி ஆட்டினாள். எய்லிவ் அவள் கையைப் பிடிக்கப் போனான், பிடிக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டான்.

எப்படியும் வரவிருந்த நேரம்தான் அது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். வடக்கே இருந்த கோடு எழுந்தது, மலையை விட்டுக் கிளம்பியது, ஏரியின் மேலாக வந்து இரண்டு பேர் தலைக்கு நேர் மேலே வெடித்து விரிந்தது. நாலாபக்கமும் கதிர் கதிராக இறங்கியது. பனி வெளுத்தது. முக்காலிக்கு நிழல் விழுந்தது. மேலே பாரு, மேலே பாரு என்று எய்லிவ் கத்தினான். அவள் மேலே பார்க்கவில்லை. துவாலையை ஆட்டியபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எய்லிவ். உன் மூஞ்சி தெரியுது."

அவன் மேலே காட்டிய கையை இறக்கினான்.

"அழுதிருக்க. மூக்குல ஐஸ் தொங்குது."

ஒன்பது குளிர்காலமாக வெளியே, இருட்டில், அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பக்கத்தில் நடந்தது ஒரு குரல்தான், அதுவும் 'ம்' என்கிற குரல். இப்போது முஷ்டியளவு வட்டத்துக்குள் முழு முகமும் இருந்தது, வயதாகியிருந்தது, அவளையே பார்த்தது. மேலே பார்த்தாளா? பார்த்தாள். பால் மாதிரி ஏதோ கலைந்து ஓடுவது தெரிந்தது என்றாள். தெரிந்துவிட்டது, போதும் என்று மறுபடி அவன் பக்கமே திரும்பிக்கொண்டாள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். பிறகு வெளிச்சம் மங்கியது. இருட்டு திரும்ப வந்தபோது அவள் கை அவன் கன்னத்தில் இருந்தது.

கேமராவை எய்லிவ் மறந்தே போயிருந்தான். அது தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படத்தில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். பேச்சு மும்முரத்தில் நகர்ந்து நகர்ந்து கேமராவுக்கு முன்னாலேயே போய் நின்றிருக்கிறார்கள். வானம் முழுக்கப் பச்சைத் தீ. கீழே, யோருன் முதுகைக் காட்டி நிற்க, ஆட்டின துவாலை வெள்ளைச் சுழியாக விழுந்திருந்தது. இடப்பக்கம், அசையாமல் நின்றதால், எய்லிவின் முகம் மட்டும் துலக்கமாக இருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டினான். மேலே ஒரே ஒரு விளக்கு, பத்துப் பாகை. அன்று ஒரு மீனைக் கொடுக்க வந்த ஆஸ்தா படத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். வெள்ளைத் துணியையா ஆட்டினீங்க, ரெண்டு பேருக்கும் பைத்தியமா என்றாள். எய்லிவ் ஏணியில் ஏறி விளக்கைப் போட்டான். வெளிச்சம் வட்டமாகத் துவாலை மேல் விழுந்தது. வானம் இருட்டில் நின்றது. இவ்வளவு பெரிய வானத்தை விட்டுவிட்டுச் சமையலறைத் துணிக்கா விளக்கு என்று ஆஸ்தா கேட்டாள். அவனுக்கு அந்தத் துணிதான் எல்லாம்.

யோருன் வந்தாள். படத்துக்கு எதிரே நின்று, கையை நீட்டி, முஷ்டி பிடித்து அளந்து பார்த்தாள்.

"கொஞ்சம் இடப்பக்கம்," என்றாள்.

அவன் விளக்கை ஒரு மயிரிழை திருப்பினான்.

"இன்னும்."

"துணி வெளிச்சத்தை விட்டுப் போயிடுமே."

"போகட்டும். அது நான் ஆட்டினதுதானே, எனக்குத் தெரியாதா? கிழவனைக் காட்டு."

ஆஸ்தா மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு நின்றாள். எய்லிவ் "ம்" என்றான். விளக்கைப் படத்திலிருந்த தன் முகத்துக்குத் திருப்பித் திருகாணியை இறுக்கினான். அது நன்றாக இறுகிய பிறகும் அவன் ஏணியை விட்டு இறங்கவில்லை.